மானிட்டரைக் கழற்றினேன், மென்பொருள் விழுந்தது: கேள்வி பதில்

கேள்வி: இரண்டாவது மானிட்டரைக் கழற்றியதிலிருந்து என் வீடியோ எடிட்டர் திறப்பதே இல்லை. இரண்டு தடவை நீக்கிவிட்டு நிறுவியாயிற்று. கணினி விண்டோஸ் 10.

பதில்: எதிலும் முதலில் அன்இன்ஸ்டால் செய்வது நம் எல்லோருக்கும் உள்ள பழக்கம். இங்கே அது உதவாது. ஜன்னல் கடைசியாக எந்த இடத்தில் இருந்தது என்பதைப் பல மென்பொருள்கள் ஆப்டேட்டா கோப்புறையிலோ (மென்பொருள்களின் அமைப்புகள் இருக்கும் இடம்) ரெஜிஸ்ட்ரியிலோ (விண்டோஸின் அமைப்புப் பதிவேடு) குறித்து வைத்துக்கொள்ளும். நீக்கினாலும் அந்தக் குறிப்பு பெரும்பாலும் அப்படியே கிடக்கும். கழற்றிய மானிட்டர் இடப்பக்கம் இருந்திருந்தால் அந்த இடம் மைனஸ் 1500 போல ஓர் எண்ணாக இருக்கும். இப்போது அங்கே திரையே இல்லை. கவனமாக எழுதப்பட்ட மென்பொருள் இருக்கிற திரைக்கு வந்துவிடும், மற்றவை தடுமாறும்.

ஆனால் எடிட்டர் உண்மையிலேயே விழுகிறதா, அதாவது தானாக மூடிக்கொள்கிறதா, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். டாஸ்க்பாரில் ஐகான் நின்றால் ஆல்ட்+டேப் மூலம் அதற்குப் போய், ஆல்ட்+ஸ்பேஸ், அப்புறம் எம், பிறகு ஓர் அம்புக்குறியை ஒரு தட்டு. இனி மவுஸை அசைத்தால் ஜன்னல் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். ஐகானே நிற்கவில்லையென்றால் ஆப்டேட்டாவில் உள்ள மென்பொருளின் அமைப்புக் கோப்புறைக்கு வேறு பெயர் வைத்துவிட்டுத் திறங்கள். அழித்துவிடாதீர்கள், உங்கள் ஷார்ட்கட்டுகளும் அதில்தான் இருக்கும்.

கேள்வி: ஐகான் வந்து மறைகிறது, எந்தச் செய்தியும் இல்லை. எங்கே தேடுவது?

பதில்: விண்டோஸ் பிழைகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில், விண்டோஸ் லாக்ஸ், அப்ளிகேஷன். அங்கே 1000 என்ற எண்ணுள்ள பிழையைத் திறந்து, பழுதான மாட்யூலின் (மென்பொருள் பகுதிக் கோப்பின்) பெயரைப் பாருங்கள். என்விடியா, ஏஎம்டி, இன்டெல் டிரைவர் (கிராஃபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருள்) கோப்பு ஒன்றின் பெயர் இருந்தால் முதலில் டிரைவரைச் சந்தேகியுங்கள். மென்பொருளின் சொந்தக் கோப்பு என்றால் மேலே சொன்ன அமைப்புக் கோப்புறைதான் என் முதல் சந்தேகம்.

கேள்வி: கேம் நடுவே திரை ஒரு நொடி கறுத்து, டிரைவர் நின்று மீண்டதாகச் செய்தி வருகிறது. கேம் போய்விடுகிறது. ரெஜிஸ்ட்ரியில் டிடிஆர் டிலேயை, அதாவது கார்டின் பதிலுக்கு விண்டோஸ் காத்திருக்கும் நேரத்தை, கூட்டலாமா?

பதில்: கிராஃபிக்ஸ் கார்டு 2 நொடி பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் டிரைவரை மீட்டமைக்கும். அதை எதிர்பார்க்காத கேம் விழுந்துவிடும். நேரத்தைக் கூட்டினால் திரை இன்னும் கொஞ்சம் உறைந்து நிற்கும், கோளாறு போகாது. ஓவர்கிளாக் (கார்டை வழக்கத்தைவிட வேகமாக ஓட்டுவது) இருந்தால் எடுங்கள், திரையின் புதுப்பிப்பு வேகம் 144 ஹெர்ட்ஸ் என்றால் 60க்கு இறக்கிப் பாருங்கள், கேபிளை மாற்றுங்கள். அதற்குப் பிறகே டிரைவரைச் சுத்தமாக நிறுவுவது.

கேள்வி: மானிட்டரை அணைத்துப் போட்டாலே என் கேம் மூடிவிடுகிறதே?

பதில்: மானிட்டரை இணைத்திருப்பது டிஸ்ப்ளேபோர்ட் கேபிளிலா? அப்படியானால் பல மானிட்டர்கள் அணைந்ததும் கணினி அவை கழன்றுவிட்டதாக எடுத்துக்கொள்ளும். ஃபுல்ஸ்கிரீனை விட்டு பார்டர்லெஸ் (ஓரச் சட்டம் இல்லாத) ஜன்னலில் ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: ஒரு திரை 150 சதவீத ஸ்கேலிங் (எழுத்தும் ஐகானும் காட்டப்படும் அளவு), இன்னொன்று 100. பழைய மென்பொருளை ஒரு திரையிலிருந்து மற்றதற்கு இழுத்தால் விழுகிறது.

பதில்: மானிட்டருக்கு மானிட்டர் ஸ்கேலிங் மாறும் வசதி 2013இல் விண்டோஸ் 8.1 உடன் வந்தது. அதற்கு முந்தைய மென்பொருளுக்கு அது புரியாது. மென்பொருளின் ப்ராபர்ட்டீஸ், கம்பாட்டிபிலிட்டி போய், ஹை டிபிஐ அமைப்பில் ஓவர்ரைடை இயக்கி 'சிஸ்டம்' என்று வையுங்கள். எழுத்து சற்று மங்கும். அதுவும் பிடிக்கவில்லையென்றால் இரண்டு திரைக்கும் ஒரே ஸ்கேலிங் வைத்துவிடுங்கள்.