பழைய அரம், மிஷின் பிளேடு, வாஷிங் மெஷின் மோட்டார்: பட்டறையில் எதை எதற்கு எடுக்கலாம்?

கேள்வி: பெங்களூரில் மொட்டை மாடியில் சின்னதாக ஒரு மரவேலைப் பட்டறை இருக்கிறது. குஜரிக் கடைகளிலும் சண்டே பஜாரிலும் கிடைக்கும் பழைய கருவிகளை, கழிவுப் பொருள்களை வேறு வேலைக்கு மாற்றிக்கொள்ளலாமா? எதை வாங்குவது, எதை விடுவது?

தாராளமாக மாற்றலாம். ஆனால் உருவத்தைப் பார்த்து எடுக்காதீர்கள். அது என்ன உலோகம், எவ்வளவு சூட்டுக்கும் வேகத்துக்கும் செய்யப்பட்டது என்று பார்த்து எடுங்கள்.

முதலில் அரம். எஸ்.ஜே.பி. ரோடு பக்கம் பல் தேய்ந்த அரங்கள் குவிந்து கிடக்கும். நல்ல அரம் ஹை கார்பன் ஸ்டீல், மர லேத்துக்கு ஸ்கிரேப்பர் (சுழலும் மரத்தைச் சுரண்டி வழவழப்பாக்கும் கருவி) செய்ய அருமையான சரக்கு. மலிவான சில அரங்கள் மேல்தோல் மட்டும் கடினமாக்கிய சாதா இரும்பு. சாணையில் லேசாகத் தொட்டுப் பாருங்கள்: பொறி கிளை கிளையாக வெடித்துச் சிதறினால் ஹை கார்பன், நீளக் கோடாகப் போய் அணைந்தால் சாதா இரும்பு. தோல் கடினமாக்கிய அரத்தில் மேல்தோலும் வெடிபொறியே காட்டும். அதனால் ஓரத்தில் கொஞ்சம் ஆழமாகத் தேய்த்து உள்ளேயும் சோதியுங்கள்.

அரத்தை அப்படியே கைப்பிடி போட்டு லேத்தில் பிடிப்பது ஆபத்து. பல்லுக்காக மிகக் கடினமாக்கிய உருக்கு அது, வேலை சிக்கினால் கண்ணாடி மாதிரி தெறிக்கும். ஒவ்வொரு பல்லின் அடியும் விரிசல் தொடங்கும் இடம். எனவே பற்களை முழுக்கச் சாணை பிடித்து எடுங்கள், ஒரு வரிகூட மிச்சம் இருக்கக் கூடாது. சில நொடிக்கு ஒரு முறை தண்ணீரில் தோய்த்தபடி தேய்க்க வேண்டும். பிறகு எண்ணெய்ப் பசை போகக் கழுவி, ஒரு பக்கத்தை எமரியால் பளபளப்பாக்கி, ஓ.டி.ஜி. அவனில் 220 டிகிரியில் ஒரு மணி நேரம் வையுங்கள். ஆறவிட்டு இன்னொரு மணி நேரம். பளபளத்த பக்கம் வைக்கோல் நிறத்துக்கு வந்தால் பதம் சரி. அவன் டயலை நம்ப வேண்டாம், அது பத்து இருபது டிகிரி முன்னே பின்னே காட்டும். நிறத்தைப் பாருங்கள். இந்தப் பதம் ஸ்கிரேப்பருக்குத்தான். சுத்தியலால் அடிக்கும் உளிக்கு இது போதாது, நுனி உடையும்.

மிஷின் ஹேக்சா பிளேடு வேறு ஜாதி. பீன்யா மாதிரி தொழிற்பேட்டைகளில் மிஷின் ஷாப்கள் பல் போனதும் தூக்கிப் போடுவது இதைத்தான். பெரும்பாலும் எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்), ஒன்றரை முதல் இரண்டு மி.மீ. தடிமன். குறியிடும் கத்தி, லேத்தில் மரத்தை வெட்டித் துண்டாக்கும் பார்ட்டிங் டூல், ஸ்கிரேப்பர் எல்லாம் வரும். வாங்கும்போது முதுகுப் பக்கத்தில் ஒரு நல்ல அரத்தை ஓட்டிப் பாருங்கள். வழுக்கினால் முழுக்க எச்.எஸ்.எஸ்., கடித்தால் பல் மட்டும் எச்.எஸ்.எஸ். கொண்ட பை-மெட்டல். பை-மெட்டல் பிளேடின் முதுகில் கூர் நிற்காது.

பிளேடை 180 மி.மீ. நீளத் துண்டாக ஆங்கிள் கிரைண்டரில் 1 மி.மீ. கட்டிங் டிஸ்க் போட்டு வெட்டுங்கள். சாணையில் நுனி நீலமானாலும் கவலை இல்லை. எச்.எஸ்.எஸ். 500 டிகிரிக்கு மேலும் கடினத்தை விடாது, ஹை கார்பன் அரம் அதே நீலத்தில் மெத்துப் போயிருக்கும். ஆனால் சூடேறிய எச்.எஸ்.எஸ்ஸைத் தண்ணீரில் போடாதீர்கள், கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். காற்றிலேயே ஆறட்டும். கைப்பிடிக்குத் துளை போட டிரில் ஏறாது. பிளேடின் முனையில் பின் மாட்ட ஏற்கெனவே இருக்கும் ஓட்டையை ரிவெட்டுக்கு வைத்துக்கொண்டு, மற்றதை அரால்டைட்டில் ஒட்டுங்கள்.

கூர் தீட்டுவதற்குக் காசு செலவழிக்கவே வேண்டாம். சமையலறை மேடையில் சிங்க் பதிக்க வெட்டியெடுத்த கிரானைட் நடுத்துண்டைக் கடைக்காரர் சும்மாவே கொடுப்பார். பாலிஷ் பக்கத்தில் ஸ்டீல் ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்தி, பின்னால் டார்ச் அடியுங்கள். குறுக்கும் மூலைவிட்டமும் வெளிச்சம் கசியாத துண்டாகப் பார்த்து எடுங்கள். வாட்டர் எமரித் தாளை 400, 800, 1500, 2000 என்ற நம்பர் வரிசையில் தண்ணீர் தெளித்து ஒட்டினால் போதும், பசை தேவையில்லை.

மோட்டாரில் பலரும் சறுக்குவது மிக்ஸி மோட்டாரில். சுமையில்லாமல் நிமிடத்துக்கு 18,000 சுற்று வரை போகும். 150 மி.மீ. சாணைக்கல்லுக்கு அனுமதி 4,000 சுற்று அளவில்தான், கல் வெடித்துவிடும். தேட வேண்டியது செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினின் வாஷ் மோட்டார். 1,350 சுற்று அளவில் ஓடும், இரண்டு பக்கமும் சுற்றும், சத்தம் குறைவு. டிஸ்க் சாண்டருக்கும் தோல் பாலிஷ் சக்கரத்துக்கும் பொருத்தம்.

மூன்று வயர் வரும். மல்ட்டிமீட்டரில் ஓம் அளந்து, எந்த இரண்டுக்கு நடுவே அதிகம் காட்டுகிறதோ அந்த இரண்டையும் கெபாசிட்டரின் இரு முனைகளில் கொடுங்கள். மிஞ்சிய வயர் காமன், அதற்கு நியூட்ரல். கெபாசிட்டரின் ஒரு முனைக்கு ஃபேஸ் கொடுத்தால் ஒரு திசை, மறு முனைக்குக் கொடுத்தால் எதிர்த் திசை. கெபாசிட்டர் அதே மெஷினில் இருந்த மதிப்பிலேயே போடுங்கள். மோட்டார் உடம்புக்கு எர்த், லைனில் 30 மில்லியாம்ப் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இரண்டும் கட்டாயம்.

இந்த மோட்டார் விட்டு விட்டு ஓடவே செய்யப்பட்டது. பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டி, கை வைக்க முடியாத சூடு வந்தால் நிறுத்துங்கள். உள்ளே தெர்மல் ஃபியூஸ் போனால் வைண்டிங்கைப் பிரிக்க வேண்டியிருக்கும். மூடியில்லாத மோட்டார் என்பதால் இரும்புத் தூள் வைண்டிங்கில் இறங்கி ஷார்ட் ஆகும். டிஸ்க்கை மோட்டார் தண்டில் நேரே மாட்டாமல், இரண்டு பேரிங்கில் தனித் தண்டு போட்டுப் பெல்ட்டில் ஓட்டினால் தூள் தள்ளியே விழும். அந்தப் பேரிங் மட்டும் புதிதாகவே வாங்குங்கள், 6202 நம்பர் பேரிங் ஒன்றும் பெரிய விலை இல்லை.

பேலட் (சரக்கு அடுக்கும் மரத்தட்டு) மரம் எடுத்தால் முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்றால் சூடு காட்டியது, எடுக்கலாம். எம்.பி. என்றால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது, விட்டுவிடுங்கள்.

பழைய சாணைக்கல், தூக்கும் சங்கிலி, கேஸ் சிலிண்டர், துருப்பிடித்த காற்று டேங்க் ஆகியவை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். இவற்றின் விரிசலும் உள்துருவும் வெளியே தெரியாது, உடையும்போது எதிரில் நிற்பவர் நீங்களாக இருப்பீர்கள்.