தனித்தனி டிக்கெட், நடுவில் ஒரு சின்ன விமான நிலையம்: எவ்வளவு நேரம் விடலாம்? (கேள்வி பதில்)

இரண்டு விமானங்களை நாமே தனித்தனியாகப் பதிவு செய்து, நடுவில் ஒரு சின்ன விமான நிலையத்தில் மாறிப் போவது பற்றித்தான் இன்றைய கேள்விகள். டிக்கெட் பதிவு வேலையில் நெடுநாளாக இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கார்த்திக்: சின்ன நிலையம்தானே சார், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஐந்து நிமிடத்தில் நடந்துவிடலாம். முதல் விமானம் 11.10-க்கு வருகிறது, அடுத்தது 12.40-க்குக் கிளம்புகிறது. ஒன்றரை மணி நேரம் போதும்தானே?

விமானத்தில் போடும் பெட்டி இருந்தால் அந்த நேரம் போதாது. கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். செக்-இன் கவுன்டர் பல நிறுவனங்களில் புறப்படும் நேரத்துக்கு 60 நிமிடம் முன்பே மூடிவிடும். சிலவற்றில் 45, சிலவற்றில் 40. அறுபது என்றே வையுங்கள். 11.40-க்குள் நீங்கள் பெட்டியோடு கவுன்டரில் நிற்க வேண்டும். ஆக, கையில் இருப்பது அரை மணி நேரம். அதற்குள் படிக்கட்டு வைத்து, கதவு திறந்து, இறங்கி, பெட்டி வரக் காத்திருந்து, வெளியே வந்து, புறப்பாடு வாசல் வழியாக மறுபடி உள்ளே நுழைய வேண்டும். அதோடு, 15 நிமிடத்துக்குள்ளான தாமதத்தை விமானத் துறையில் தாமதமாகவே கணக்கெடுப்பதில்லை. ‘சரியான நேரத்தில்’ வந்த விமானமே உங்கள் அரை மணியில் பாதியைத் தின்றுவிடலாம்.

இன்னொன்று. பல சின்ன நிலையங்களில் கவுன்டரில் உட்காரும் அதே ஊழியர்கள்தான் அப்புறம் கேட்டுக்குப் போய்ப் பயணிகளை ஏற்றுவார்கள். கவுன்டர் மூடிய பிறகு கெஞ்சிக் கேட்கக்கூட அங்கே ஆள் இருக்காது.

ஷாலினி: ஆனால் விமான நிறுவனத்தின் சொந்தத் தளமே அதே நிலையத்தில் 40 நிமிட இடைவெளியில் இணைப்பு விமானம் விற்கிறதே?

அது ஒரே டிக்கெட், ஒரே பி.என்.ஆர். ஒவ்வொரு நிலையத்துக்கும் ‘குறைந்தபட்ச இணைப்பு நேரம்’ என்று ஒன்று உண்டு. பதிவு முறை அதற்குக் கீழே விற்காது. அந்த நேரம், பெட்டியை அவர்களே அடுத்த விமானத்துக்கு மாற்றிவிடுவார்கள் என்ற கணக்கில் போட்டது. தவறவிட்டால் அடுத்த விமானத்தில் ஏற்றி அனுப்புவதும் அவர்கள் பொறுப்பு. தனித்தனி டிக்கெட்டில் இரண்டுமே கிடையாது. இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். அந்த 40 நிமிடத்தைப் பார்த்துத் தைரியம் கொள்ளாதீர்கள்.

முருகேசன்: சரி, மூன்று மணி நேரம் விட்டால் நிம்மதியாக இருக்கலாமா?

உள்நாட்டிலிருந்து உள்நாடு என்றால் பெட்டியோடு மூன்று மணி நேரம் நல்ல இடைவெளி. குடிநுழைவுச் சோதனை இருந்தால் நான்கு, ஐந்து. ஆனால் நான் முதலில் கேட்பது வேறு: இரண்டாவது விமானத்தை விட்டுவிட்டால் அதற்கடுத்தது எப்போது? பெரிய நிலையத்தில் இரண்டு மணி நேரத்தில் இன்னொன்று இருக்கும். சின்ன நிலையத்தில் நாளைக்கு இருக்கலாம், வாரத்தில் மூன்றே நாள் ஓடும் தடமென்றால் நாளை மறுநாள். அடுத்தது மாலையிலேயே உண்டு என்றால் மூன்று மணி நேரம் தாராளம். அன்றைய கடைசி விமானம், அதைத் தவறவிட்டால் ஒரு திருமணமோ தேர்வோ நீண்டதூர விமானமோ போய்விடும் என்றால், முந்தைய நாளே போய்த் தங்குங்கள். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்துப் பேசுவதில்லை.

தாமதம் எங்கிருந்து வருகிறது என்றும் பாருங்கள். ஒரே விமானம்தான் காலையிலிருந்து நாலைந்து தடம் ஓடும். காலையில் விழுந்த அரை மணி நேரம் மாலைக்குள் இரண்டு மணி நேரமாகிவிடும். அதனால் முதல் பயணத்துக்கு அன்றைய முதல் விமானத்தை எடுங்கள். பனிமூட்டக் காலம் மட்டும் விதிவிலக்கு. முதல் வகை ஐ.எல்.எஸ். (பார்வை மங்கும்போது விமானத்தை ஓடுபாதைக்கு வழிகாட்டி இறக்கும் கருவி) உள்ள ஓடுபாதையில் இறங்கவே சுமார் 550 மீட்டர் பார்வைத் தூரம் வேண்டும். அந்தக் கருவி இல்லாத ஓடுபாதைக்கு அதைவிட அதிகம் வேண்டும். பெரிய நிலையத்தில் இறங்க முடிகிற அதே பனியில் சின்ன நிலையத்துக்கு வரும் விமானம் வேறு ஊருக்குத் திருப்பப்படும்.

பிளைட்ரேடார்24 போன்ற தளத்தில் உங்கள் விமான எண்ணைப் போட்டால் கடந்த சில நாட்களில் எத்தனை மணிக்கு இறங்கியது என்று தெரியும். பதிவு செய்வதற்கு முன் பாருங்கள்.

நஸ்ரின்: கைப்பை மட்டும்தான் அண்ணா.

அப்படியென்றால் பாதிக் கவலை போயிற்று. இரண்டு போர்டிங் பாஸையும் முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஏ.டி.ஆர். 72 போன்ற சிறிய விமானத்தில் தலைக்கு மேலுள்ள இடம் குறுகல். சக்கரப் பெட்டியை ஊழியர்கள் விமான வாசலிலேயே வாங்கிச் சரக்கு அறையில் போட்டுவிடலாம். மடங்கும் தோள்பை நல்லது.

அருள்: பயந்துபோய் எட்டு மணி நேரம் விட்டிருக்கிறேன்.

தப்பில்லை. ஆனால் கவுன்டர் இரண்டு மூன்று மணி நேரம் முன்புதான் திறக்கும். அதுவரை பெட்டி உங்களோடுதான். இரவில் கட்டடத்தையே பூட்டும் நிலையங்களும் உண்டு. இரவு இடைவெளி என்றால் அதை விசாரித்துவிட்டு அறை போடுங்கள்.

ஜெயந்தி: வெளிநாட்டில்தான் மாறுகிறேன். வெளியே போகப் போவதில்லை, விசா எதற்கு?

பெட்டியை எடுக்க வேண்டுமென்றால் குடிநுழைவைத் தாண்டியே ஆக வேண்டும்; அதாவது அந்த நாட்டுக்குள் நுழைகிறீர்கள். பல சின்ன நிலையங்களில் உள்ளேயே மாறிப்போக வழியே இருக்காது, கைப்பை மட்டும் இருந்தாலும். அமெரிக்காவில் ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் முதலில் இறங்கும் ஊரிலேயே குடிநுழைவு. விசா இல்லையென்றால் முதல் விமானத்திலேயே ஏற்ற மறுப்பார்கள்.

தினேஷ்: காப்பீடு இருக்கிறதே?

பாலிசியில் ‘தவறிய இணைப்பு’ பகுதியைப் படியுங்கள். சில பாலிசிகள் தனித்தனி டிக்கெட்டை ஏற்பதில்லை. சில, இத்தனை மணி நேரம் விட்டிருந்தால்தான் தரும்.

சுகன்யா: ஏற்கெனவே ஒன்றே கால் மணி நேர இடைவெளியில் இரண்டையும் வாங்கிவிட்டேன். இப்போது என்ன செய்வது?

முதல் விமானத்தை முந்தையதற்கு மாற்ற என்ன கட்டணம் என்று இன்றே கேளுங்கள். நாள் நெருங்க நெருங்க ஏறும். வாராவாரம் நேரத்தையும் சரிபாருங்கள். இரண்டில் எந்த நிறுவனமாவது நேரத்தைக் கணிசமாக மாற்றினால், அந்த டிக்கெட்டை இலவசமாக மாற்றவோ பணம் திரும்பக் கேட்கவோ பெரும்பாலும் வழி கிடைக்கும். எதுவும் நடக்காவிட்டால் பெட்டியை விட்டுவிட்டுக் கைப்பையோடு போங்கள், முன்வரிசை இருக்கை எடுங்கள். முதல் விமானம் தாமதம் என்று தெரிந்ததுமே, இரண்டாவது புறப்படுவதற்கு முன் அந்த நிறுவனத்தை அழையுங்கள். சொல்லாமல் விட்டால், அதே டிக்கெட்டில் உள்ள திரும்பும் பயணத்தையும் பல நிறுவனங்கள் ரத்து செய்துவிடும்.