முதுகுத்தண்டு நரம்புக் கட்டி எடுத்தபின் பாதம் மரத்தே இருக்கிறது: ஓய்வா, பயிற்சியா?

கீழ்முதுகில் ஷ்வானோமா, அதாவது நரம்பின் உறையில் வளரும் கட்டி, எடுத்து மூன்று வாரம், பாதத்தில் மரமரப்பு போகவில்லை, அது போகும்வரை படுத்திருக்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அறுவை செய்த மருத்துவர் தடை போடவில்லை என்றால் நடக்கத் தொடங்குங்கள். இந்தக் கட்டி பெரும்பாலும் உணர்ச்சி வேரில், அதாவது தொடு உணர்வைத் தண்டுவடத்துக்குக் கொண்டுபோகும் நரம்பின் அடிப்பகுதியில்தான் முளைக்கும். எடுக்கும்போது அந்த வேரின் இழைகள் சிலவற்றையும் வெட்ட நேரலாம். நசுங்கிக் கிடந்த நரம்பு மெல்ல விழிக்கும், ஆனால் ஒரு திட்டு மரமரப்பு கடைசிவரை தங்கிவிடுவதும் உண்டு. அதற்காகக் காத்திருந்தால் தொடைத் தசைதான் கரையும்.

கட்டிலிலிருந்து எழுவதில்தான் பலர் தப்பு செய்கிறார்கள். தோளை முதலில் தூக்கிவிடுவார்கள், இடுப்பு மெத்தையிலேயே கிடக்கும், முறுக்கம் முழுதும் தையல் போட்ட இடத்தில் விழும். முழங்கால்களை மடக்கி, தோளும் இடுப்பும் ஒரே கட்டை போலச் சேர்ந்து புரள வேண்டும். பிறகு கால்களை வெளியே தொங்கவிட்டு, அடியில் இருக்கும் முழங்கையை ஊன்றி, மேல்கையால் மெத்தையைத் தள்ளி எழுங்கள்.

நடை, ஒரு தடவைக்கு 5 நிமிடம், நாளுக்கு நாலைந்து முறை. மறுநாள் வலி கூடவில்லை என்றால் ஒரு நிமிடம் கூட்டலாம். ஒரே மூச்சில் உட்காருவது 20 முதல் 30 நிமிடம் போதும். முதல் ஆறு வாரம் குனிவது, முறுக்குவது, 2, 3 கிலோவுக்கு மேல் தூக்குவது கூடாது. மலச்சிக்கலை விடாதீர்கள், முக்கினால் தண்டுவட உறைக்குள் அழுத்தம் ஏறும்.

மரத்த பாதத்துக்குக் கண்தான் காவல். பகலில் நன்றாக நடப்பவர் இருட்டில் தடுமாறுவது அதனால்தான். உறுதியான மேடையைப் பிடித்து ஒற்றைக்காலில் 10 விநாடி நில்லுங்கள், முதலில் பாதத்தைப் பார்த்து, பழகியபின் நேராகப் பார்த்து. வெந்நீரைக் கையால் தொட்டுப் பார்த்தபின்தான் கால் வைக்க வேண்டும். இரவில் உள்ளங்காலைக் கண்ணாடியில் பாருங்கள், புண் இருந்தாலும் வலிக்காது. தொட்டாலே எரிகிறது என்றால் பஞ்சு, மென்துணி, துண்டு என்று வரிசையாகத் தேய்த்துப் பழக்குங்கள். நடக்கையில் விரல்நுனி தரையில் உரசினால் கணுக்கால் தாங்கி வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

'மருத்துவர் சொல்லாததை நீ எப்படிச் சொல்லலாம்' என்று சிலர் வருவார்கள். கழுத்துப் பகுதி என்றாலோ, முதுகெலும்பில் திருகாணி பொருத்தியிருந்தாலோ இந்தக் கணக்கு மாறும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வீட்டுக்கு அனுப்பும் சீட்டில் 'ஓய்வு' என்று ஒற்றைச் சொல் எழுதிவிட்டால் நோயாளி எதைத்தான் செய்வார்?

காயத்தில் தெளிந்த நீர் கசிந்தாலோ, உட்கார்ந்தால் ஏறி, படுத்தால் தணியும் தலைவலி வந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, கெண்டைக்கால் ஒன்று வீங்கினாலோ, கால் புதிதாக வலுவிழந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். சிறுநீர் வராமல் நின்றாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்தாலோ அந்த நிமிடமே கிளம்ப வேண்டும், விடியட்டும் என்று பார்க்கக் கூடாது.