கடலுக்கடியில் சுரங்கம் தோண்ட ஆசைப்படும் மகள்: என்ன படிக்க வைப்பது?

வணக்கம் அம்மா.

ஜப்பானின் செய்கான் ரயில் சுரங்கத்தைப் பற்றிப் படித்ததிலிருந்து உங்கள் மகள் "சிவில்தான் எடுப்பேன்" என்று நிற்பதாகவும், வீட்டில் மற்ற எல்லோரும் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்பதாகவும் எழுதியிருந்தீர்கள். "இதெல்லாம் பெண் பிள்ளைக்கு ஒரு வேலையா?" என்றும் கேட்டிருந்தீர்கள். அந்தச் சுரங்கத்திலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் மகள் எதைப் பார்த்து மயங்கினாள் என்று உங்களுக்கும் தெரிய வேண்டும்.

ஹொன்ஷு, ஹொக்கைடோ தீவுகளுக்கு நடுவே சுகாரு நீரிணை. 1954 செப்டம்பரில் அடித்த புயலில் தோயா மாரு என்ற படகுக்கப்பல் அங்கே கவிழ்ந்து 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். கடலுக்கடியில் ரயில் பாதை போடும் யோசனை அதற்கு முன்பே இருந்தது. இந்தச் சாவுகளுக்குப் பிறகு அதைத் தள்ளிப்போட முடியவில்லை.

அங்கே கடல் 140 மீட்டர் ஆழம். அதன் அடியில் 100 மீட்டர் பாறையை விட்டுத்தான் தோண்டினார்கள். ரயிலோ செங்குத்தாக இறங்காது, 1,000 மீட்டர் ஓடினால் 12 மீட்டர்தான் இறங்கலாம். அதனால்தான் கடலுக்கடியில் 23.3 கி.மீ. போகும் சுரங்கத்தின் மொத்த நீளம் 53.85 கி.மீ. ஆனது.

எரிமலைப் பாறை, நிறையப் பிளவுகள். துளையிடும் ராட்சத இயந்திரத்தைக் கொண்டுவந்து பார்த்தார்கள், அந்தப் பாறையில் அது எடுபடவில்லை. வெடி வைத்துத்தான் தோண்ட வேண்டியிருந்தது. முதலில் சின்னதாக ஒரு முன்னோடிச் சுரங்கம். அதிலிருந்து முன்னே துளை போட்டு, பாறை எப்படி, தண்ணீர் எங்கே என்று பார்ப்பார்கள். பிளவுகளுக்குள் சிமென்ட் கலவையை அழுத்தி அடைப்பார்கள். அப்புறம்தான் பெரிய சுரங்கம் நகரும். அப்படியும் 1976-இல் கடல் உள்ளே பாய்ந்தது. அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் தோண்டினார்கள். வேலை முடிவதற்குள் மொத்தம் 34 தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். இதை உங்களிடம் மறைக்க மாட்டேன். 1988 மார்ச்சில் ரயில் ஓடியது. இன்றும் பம்புகள் இரவு பகலாகக் கசிவு நீரை இறைத்துக்கொண்டிருக்கின்றன.

இங்கிலாந்து–பிரான்ஸ் கால்வாய்ச் சுரங்கத்தில் கடலடி நீளம் இன்னும் அதிகம், ஏறக்குறைய 38 கி.மீ. ஆனால் அங்கே தண்ணீர் எளிதில் புகாத, மென்மையான சுண்ணாம்புக் களிப்பாறை கிடைத்தது. இயந்திரங்கள் ஓடின, சில ஆண்டுகளில் துளைத்துவிட்டார்கள். 1994-இல் திறப்பு. வித்தியாசம் பாறையில் இருந்தது.

உங்கள் மகளுக்கு நான் சொல்வதும் இதுதான்: சிவில் எடுக்கட்டும், ஆனால் மண்ணையும் பாறையையும் படிக்காத சிவில் இந்த வேலைக்கு உதவாது. பி.இ. சிவில் முடித்து, கேட் (GATE) என்ற நுழைவுத் தேர்வு எழுதி, ஐ.ஐ.டி. மெட்ராஸிலோ அண்ணா பல்கலைக்கழகத்திலோ ஜியோடெக்னிக்கல் துறையில், அதாவது மண், பாறை பற்றிய பொறியியலில், மேற்படிப்பு படிக்கலாம். கிண்டியில் மைனிங் இன்ஜினியரிங் இருக்கிறது, சுரங்கப்பாதை வேலைக்கு அதுவும் நல்ல அடித்தளம். கல்லின் மேல்தான் ஆசை என்றால் பி.எஸ்சி., எம்.எஸ்சி. புவியியல் படித்து, யு.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வு எழுதலாம். ஒன்று கவனியுங்கள்: நம் பள்ளிப் பாடத்தில் வரும் புவியியல் ஜியாகரஃபி. நான் சொல்வது ஜியாலஜி. விண்ணப்பத்தில் இரண்டையும் குழப்பிக்கொண்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

வேலை இருக்குமா? மும்பை–அகமதாபாத் அதிவேக ரயிலுக்காகத் தாணே கழிமுகத்துக்கு அடியில் 7 கி.மீ. சுரங்கம் அமைகிறது. சென்னை மெட்ரோவுக்கும் மண்ணுக்கடியில் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் தொடக்கச் சம்பளத்தில் ஐ.டி. பிள்ளைகளோடு ஒப்பிடாதீர்கள், மனசு கஷ்டப்படும். ஷிப்ட் வேலை, புழுக்கம், வீட்டை விட்டுத் தூரம், இவையும் உண்டு. வடிவமைப்பு, பாறை ஆய்வு என்று அலுவலகம் சார்ந்த வேலைகளும் இதே துறையில் இருக்கின்றன. பெண் என்பதற்காக மட்டும் தடுக்காதீர்கள் அம்மா.

கவுன்சலிங்கில் கல்லூரி வரிசை போடுவதற்கு முன், மெட்ரோவில் வேலை பார்க்கும் ஒரு பொறியாளரிடம் அவளை அரை மணி நேரம் பேச வையுங்கள். நீங்களும் கூட உட்காருங்கள். அதற்குப் பிறகும் அவள் சிவில் என்றே சொன்னால், அதையே முதல் வரியில் போடுங்கள்.