பேரியர் போட்டும் பழைய மதிப்பே வருதா? சில கேள்விகள், பதில்கள்

கேள்வி: லினக்ஸ் கெர்னல் கோடில் டேட்டாவை எழுதி, ரைட் பேரியர் (முன்னால் எழுதியது பின்னால் எழுதுவதற்கு முந்தியே நிற்க வேண்டும் என்னும் கட்டளை) போட்டு, அப்புறம்தான் ‘டேட்டா தயார்’ என்னும் ஃப்ளாக்கை 1 ஆக்குகிறேன். எக்ஸ்86 வகை சிபியுவில் பிரச்சினையே இல்லை. ஆர்ம்64 வகையில் மட்டும், படிக்கும்போது ஃப்ளாக் 1, டேட்டா பழையது. எப்படி?

பதில்: படிக்கும் பக்கம் என்ன இருக்கிறது என்று நீங்கள் சொல்லவே இல்லை, கோளாறு அநேகமாக அங்கேதான். பேரியர் ஒற்றையாக நின்று எதையும் காப்பாற்றாது. நீங்கள் ஒழுங்காக எழுதினாலும் படிக்கிற சிபியு கோர் டேட்டாவை முதலில் எடுத்துவிட்டு ஃப்ளாக்கை அப்புறம் பார்த்தால் கதை முடிந்தது. நடுவில் இஃப் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம், இஃப்புக்குப் பின்னால் இருக்கும் லோடை (நினைவகத்திலிருந்து படிப்பதை) சிபியு ஊகத்திலேயே முன்கூட்டி முடித்துவிடும். எக்ஸ்86-இல் சாதாரண நினைவகத்தில் லோடும் லோடும், ஸ்டோரும் ஸ்டோரும் (நினைவகத்தில் எழுதுவது) இடம் மாறித் தெரியாது, ரைட் பேரியர் அங்கே கம்பைலரைக் கட்டுப்படுத்துவதோடு சரி. அதனால் அங்கே ஓடியது என்பது எதற்கும் ஆதாரமில்லை. ஃப்ளாக்கை ஸ்டோர்-ரிலீஸில் (முன்னால் உள்ளவை இதைத் தாண்டிப் பின்னால் போகாத எழுத்து) எழுதி லோட்-அக்வயரில் (பின்னால் உள்ளவை இதை முந்தாத படிப்பு) படியுங்கள், யாருக்கு யார் ஜோடி என்று கமெண்டிலும் எழுதிவிடுங்கள்.

கேள்வி: எக்ஸ்86-க்கு மட்டும் எழுதினால் பேரியரே வேண்டாமா?

பதில்: வேண்டும். ஸ்டோர், ஸ்டோர் பஃபரில் (எழுதியவை நினைவகத்துக்குப் போகும் முன் கோருக்குள் நிற்கும் வரிசை) காத்திருக்கும்போதே அடுத்த லோட் முந்திக்கொள்ளும். தூங்கப்போகும் டாஸ்க்கைப் பாருங்கள்: தன் நிலையைத் ‘தூக்கம்’ என்று எழுதுகிறது, பிறகு நிபந்தனையைப் படிக்கிறது. எழுப்புபவர் நிபந்தனையை 1 ஆக்கிவிட்டு, டாஸ்க்கின் நிலையைப் படிக்கிறார். இரண்டு பக்கமும் லோட் முந்தினால் டாஸ்க்குக்குத் தெரிவது 0, எழுப்புபவருக்குத் தெரிவது ‘ஓடிக்கொண்டிருக்கிறது’. அவர் போய்விடுவார், இது தூங்கிவிடும், எழுப்ப ஆளில்லை. இதற்குத்தான் நிலையை எழுதும் கெர்னல் மேக்ரோவான செட்-கரண்ட்-ஸ்டேட்டுக்குள் ஃபுல் பேரியர் (லோட், ஸ்டோர் எதுவும் தாண்டாதது) இருக்கிறது. நிலையை நேரடியாக அசைன் செய்யாதீர்கள்.

கேள்வி: மாறியை வொலடைல் (சி மொழிச் சொல்) என்று அறிவித்தால் போதாதா?

பதில்: போதாது. அது கம்பைலரைக் கட்டுப்படுத்துவதோடு நிற்கும், சிபியுவை அல்ல. ரீட்-ஒன்ஸ், ரைட்-ஒன்ஸ் (அதே வேலைக்கான கெர்னல் மேக்ரோக்கள்) போட்டாலும் வெவ்வேறு மாறிகளுக்கு இடையே சிபியு வரிசையை அவை உறுதி செய்யாது.

கேள்வி: அட்டாமிக் (இடையில் யாரும் புக முடியாத ஒரே செயல்) என்றாலே வரிசையும் சேர்ந்துதானே?

பதில்: பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள். லினக்ஸில் மதிப்பைத் திருப்பித் தராத அட்டாமிக்-இன்க் (ஒன்று கூட்டுவது) எந்த வரிசையும் தராது, அட்டாமிக்-இன்க்-ரிட்டர்ன் முழு வரிசை தரும். கம்பேர்-எக்ஸ்சேஞ்ச் (எதிர்பார்த்த மதிப்பு இருந்தால் மட்டும் மாற்றுவது) தோற்றால் அதற்கும் உத்தரவாதம் கிடையாது, இதைத்தான் ரிவ்யூவில் எல்லோரும் கோட்டை விடுகிறார்கள்.

கேள்வி: சரியாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: லினக்ஸின் மெமரி மாடல் (எந்த வரிசை மாற்றம் நடக்கலாம் என்று சொல்லும் முறையான விதிகள்) 2018-இல் 4.17 பதிப்பில் கெர்னல் மரத்துக்குள்ளேயே வந்துவிட்டது. இரண்டு மூன்று த்ரெட், நாலைந்து வரி என்று லிட்மஸ் டெஸ்டாக (ஒரே சந்தேகத்தைச் சோதிக்கும் குட்டி நிரல்) சுருக்கி, அந்த விதிகளின்படி சாத்தியங்களைப் பார்க்கும் கருவியான ஹெர்ட்7-இடம் கொடுங்கள், நீங்கள் பயப்படும் முடிவு வரவே வராதா, சில சமயம் வருமா என்று சொல்லும். ‘வரவே வராது’ என்றதும் நிறுத்திவிடாமல், ஒரு பேரியரை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அப்போதும் அதே பதில்தான் என்றால் அந்த பேரியர் அங்கே தேவையில்லை, அல்லது நீங்கள் எழுதிய டெஸ்ட் வேறு எதையோ சோதிக்கிறது.