ரிசார்ட்காரங்க குடுக்குற 50% வவுச்சர வாங்கிக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். நான் கோயம்புத்தூர்ல ஒரு பம்ப் கம்பெனில வேலை பாக்குறேன், கைக்கு 62,000 வருது. பத்தாவது கல்யாண நாளுக்குன்னு 2025 ஆகஸ்ட்ல நானும் வைஃபும் மாலத்தீவுல ஒரு ஆல் இன்க்ளூசிவ் (சாப்பாடு, ட்ரிங்க்ஸ் எல்லாம் பேக்கேஜ்லயே சேந்தது) பீச் ரிசார்ட்டுக்கு 4 நைட் போயிட்டு வந்தோம். இங்க ஒரு ஏஜென்ட்கிட்ட பேக்கேஜ் 2,60,000, அதுக்கு மேல டிசிஎஸ்னு ஒரு வரி 13,000, ஃப்ளைட் தனியா 46,000. வைஃப் சீட்டு எடுத்த காசு 1,20,000 போட்டாங்க, மீதி 2 லட்சம் நான் பர்சனல் லோன் எடுத்தேன் (14%, 24 மாசம்). வாட்டர் வில்லான்னு (கடல் தண்ணி மேல கட்டுன குடில்) சொல்லித்தான் காசு வாங்குனாங்க, அங்க போனா ரிப்பேர் வேலை நடக்குதுன்னு 3 நைட் பீச் வில்லால தங்க வெச்சு கடைசி நைட் மட்டும் வாட்டர் வில்லா குடுத்தாங்க. பகல் பூரா டிரில் சத்தம். மூணு ரெஸ்டாரன்ட்ல ஒண்ணு மூடியிருந்துச்சு, தினம் அதே பஃபே. ரெண்டு நாள் மழை. பவளப்பாறை எல்லாம் வெளுத்துப் போயி கெடந்துச்சு. கிளம்பும்போது 620 டாலர் எக்ஸ்ட்ரா பில், கிரெடிட் கார்டுல கட்டினேன், அதுல மழையால ரத்தான ஸ்நார்க்கலிங் ட்ரிப்புக்கும் 150 டாலர் போட்டிருக்காங்க. புகார் பண்ணி மெயில் போட்டதுக்கு, அடுத்த தடவை வந்தா ரூம் வாடகைல 50% தள்ளுபடி வவுச்சர், ஒரு வருஷம் செல்லும், ரூமும் காலை சாப்பாடும் மட்டும்னு சொல்றாங்க. கீழ, இத ஏத்துக்கிட்டா இது விஷயமா வேற எந்த கோரிக்கையும் இல்லன்னு அர்த்தம்னு இருக்கு. இடத்த செலக்ட் பண்ணது தான்தான்னு வைஃப் ரொம்ப மனசு ஒடஞ்சு போயிருக்காங்க, வவுச்சர் இருக்கே இன்னொரு தடவை நல்லபடியா போயிட்டு வந்துரலாம்னு நெனைக்கிறோம். டாப் அப் லோன் எடுக்கலாமா?

பதில்: வேண்டாங்க. டாப் அப் லோனும் வேண்டாம், வவுச்சரும் வேண்டாம், முக்கியமா அந்த மெயிலுக்கு இப்போதைக்கு ஓகேன்னு ரிப்ளை போடாதீங்க. மத்ததெல்லாம் அப்புறம், மொதல்ல இது.

அந்த 50% என்னன்னு கணக்கு போட்டு பாருங்க. தள்ளுபடி பேக்கேஜ் விலைல இல்ல, ரூம் வாடகைல, அதுவும் ரிசார்ட்டோட முழு ரேட்ல. நைட்டுக்கு 600 டாலர்னு வெச்சுக்குவோம், பாதி 300. மாலத்தீவுல விலைக்குப் பின்னாடி ப்ளஸ் ப்ளஸ்னு போட்டிருப்பாங்க, அதாவது மொதல்ல 10% சர்வீஸ் சார்ஜ், அப்புறம் அந்த மொத்தத்துக்கு மேல டூரிசம் ஜிஎஸ்டி, அது 2025 ஜூலை 1ல இருந்து 17%. அப்ப 300 டாலர் 386 ஆயிருது, நாலு நைட்டுக்கு 1,544. ஸ்பீட்போட் போக வர ரெண்டு பேருக்கு 300 டாலர் வைங்க. கிரீன் டாக்ஸ்னு தங்கறவங்ககிட்ட அரசாங்கம் வாங்கற வரி, ரிசார்ட்ல ஆளுக்கு நைட்டுக்கு 12 டாலர் (2025 ஜனவரிக்கு முன்னாடி வரைக்கும் 6ஆ இருந்தது), ரெண்டு பேர் நாலு நைட்டு 96. மதியம் ராத்திரி சாப்பாடு உங்க கணக்கு, தனித்தீவுல வேற கடைக்கும் போக முடியாது, ரெண்டு பேருக்கு நாளைக்கு 100 டாலர்னு கம்மியா போட்டாலும் வரியோட 128, நாலு நாளைக்கு 515. மொத்தம் 2,455 டாலர், டாலர் 88 ரூபான்னு பாத்தா 2 லட்சத்து 16 ஆயிரம். ஃப்ளைட் 46,000. ஆக 2,62,000 ரூபா செலவு பண்ணாத்தான் அவங்க குடுக்குற நஷ்ட ஈடு உங்க கைக்கே வரும். சாயம் போன சேலைய திருப்பிக் குடுத்தா, அடுத்த சேலை வாங்குங்க பாதி விலைக்குத் தர்றோம்னு கடைக்காரர் சொல்ற மாதிரி இது, முதல் சேலைக்கு குடுத்த காசு அப்படியே அவர்கிட்டதான் இருக்கு. அதுக்கு மேல கீழ இருக்கற அந்த ஒரு வரி உங்க மத்த உரிமையையும் எழுதி வாங்குது. ரிசார்ட்டுக்கும் ஏஜென்ட்டுக்கும் நாளைக்கு அதுதான் ஆதாரமாகும்.

அதனால இப்படி ஒரு பதில் மட்டும் போடுங்க: வவுச்சர ஏத்துக்கல, பணமா திருப்பித் தரணும், என் உரிமை எல்லாத்தையும் வெச்சுக்கிட்டுதான் இத எழுதறேன். அவ்வளவு போதும், கோவமா நாலு பக்கம் எழுத வேண்டியதில்ல.

இப்ப எது காசா திரும்பும் எது திரும்பாதுன்னு பிரிச்சுப் பாக்கணும், இதுலதான் நெறைய பேர் கோட்டை விடுறாங்க. எல்லா மனக்கஷ்டத்தையும் ஒரே மூட்டையா கட்டி புகார் பண்ணா, எதிர்ல இருக்கறவங்க அதுல ரொம்ப பலவீனமான ஒண்ண புடிச்சுக்கிட்டு மொத்தத்தையும் தள்ளி விட்ருவாங்க. மழை ஒண்ணும் பண்ண முடியாது, மே மாசத்துல இருந்து அக்டோபர் வரைக்கும் அங்க தென்மேற்கு பருவமழை, ஆகஸ்ட்ல ரேட் கம்மியா இருக்கறதே அதனாலதான், ஏஜென்ட் இத சொல்லியிருக்கணும், ஆனா கேஸ் ஆகாது. பவளப்பாறையும் அப்படித்தான், கடல் சூடேறி 1998லயும் 2016லயும் அந்தப் பக்கம் பெரிய அளவுல வெளுத்துச்சு, போட்டோல பழைய கலரே ஓடிட்டு இருக்கும். பஃபே ருசி, சர்வீஸ் லேட்டு, இதெல்லாம் வேதனைதான், ஆனா அளந்து காட்ட முடியாது. விட்ருங்க.

வாட்டர் வில்லா விஷயம் அப்படி இல்ல. நீங்க காசு குடுத்தது ஒண்ணுக்கு, கெடச்சது வேற ஒண்ணு, அதுவும் கம்மி விலை ஒண்ணு. கேள்வியோட நீங்க அனுப்புன வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்ல, அதே தேதிக்கு அதே ரிசார்ட்ல பீச் வில்லா பேக்கேஜ் 2,05,000ன்னு ஏஜென்ட்டே கோட் பண்ணியிருக்கார் பாத்தீங்களா, உங்க கேஸ்ல அதுதான் பெரிய ஆதாரம். வித்தியாசம் 55,000. நாலு நைட்ல மூணு நைட் குடுக்கல, அப்ப 41,250 ரூபா. இந்த நம்பர யாரும் மறுக்க முடியாது, அவரோட விலைப்பட்டியல்ல இருந்தே வர்றது. மூடியிருந்த ரெஸ்டாரன்ட்டையும், முன்னாடியே சொல்லாத ரிப்பேர் வேலையையும் பக்கபலமா சேத்துக்குங்க, அதுக்கு தனியா நஷ்ட ஈடு கேளுங்க, ஆனா 41,250த்த எல்லாத்துக்கும் மேல தனி வரியா எழுதுங்க.

ஆல் இன்க்ளூசிவ்னா என்னன்னும் ஒரு வார்த்தை சொல்லிர்றேன். அந்தப் பேருக்கு எந்த ஊர்லயும் ஒரே அர்த்தம்னு கெடையாது, ஒவ்வொரு ரிசார்ட்டும் தன் லிஸ்ட்ட தானே போட்டுக்குது. எந்த பிராண்ட் சரக்கு உள்ள வரும், எந்த ரெஸ்டாரன்ட்டுக்கு தனி சப்ளிமென்ட், எந்த போட் ட்ரிப் ஃப்ரீ, இதெல்லாம் ஒரு தாள்ல இருக்கும். உங்க 620 டாலர்ல 96 கிரீன் டாக்ஸ், அது கட்டித்தான் ஆகணும், பேக்கேஜ்ல சேந்திருக்குன்னு ஏஜென்ட் எழுதிக் குடுத்திருந்தா மட்டும் அவர்கிட்ட கேளுங்க. டின்னர் சப்ளிமென்ட்டும் ட்ரிங்க்ஸும் நீங்க கையெழுத்து போட்ட ஸ்லிப்பா இருந்தா அது போனதுதான். ஆனா ரத்தான ட்ரிப்புக்கு 150 டாலர் வாங்குனது நேரடி தப்பு, அதுக்கு வழி வேற.

அது கார்டுல கட்டுனது, அதனால சார்ஜ்பேக் கேக்கலாம், அதாவது உங்க பேங்க் மூலமா அந்தக் காச திருப்பிக் கேக்கறது. மொதல்ல ரிசார்ட்டுக்கு மெயில்ல அந்த 150 டாலர மட்டும் திருப்பிக் கேளுங்க, ஒரு வாரம் பாருங்க, அப்புறம் பேங்க்ல டிஸ்ப்யூட் ஃபார்ம் போடுங்க, பில், ட்ரிப் கேன்சல்னு அவங்க அனுப்புன மெசேஜ், உங்க மெயில் மூணையும் வெச்சு. இதுக்கு பொதுவா 120 நாள்தான் டைம், ஆகஸ்ட் கடைசில இருந்து எண்ணுனா டிசம்பர்ல முடிஞ்சுரும், சில பேங்க் அதுக்கு முன்னாடியே கேப்பாங்க, அதனால தீபாவளி முடியட்டும்னு தள்ளிப் போடாதீங்க. கெடச்சா 13,000 சொச்சம். முழு 620 டாலருக்கும் டிஸ்ப்யூட் போடாதீங்க, நியாயமான பகுதியும் அதுல அடிபட்டுப் போகும்.

வில்லா காச ஏஜென்ட்கிட்டதான் கேக்கணும், ரிசார்ட்கிட்ட இல்ல. நாங்க புக்கிங் பண்ணித் தர்றவங்க மட்டும்தான்னு அவர் சொல்லுவார், எல்லாரும் சொல்றதுதான். காசு வாங்கி தன் பேர்ல பில் போட்டது அவர், வாட்டர் வில்லான்னு எழுதிக் குடுத்ததும் அவர். 15 நாள் டைம் குடுத்து மெயிலும் ரிஜிஸ்டர் தபாலும் அனுப்புங்க. பதில் வரலன்னா 1915 தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் பதிவு பண்ணுங்க, கம்பெனிக்கு அங்க இருந்தே போகும், பாதி கேஸ் இந்த இடத்துலயே பேசி முடியறத நான் பாத்திருக்கேன். அதுலயும் ஆகலன்னா கோயம்புத்தூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டம் வந்த பிறகு நீங்க குடியிருக்கற ஊர்லயே கேஸ் போடலாம், ஏஜென்ட் ஆபீஸ் சென்னைலயோ டெல்லிலயோ இருந்தாலும் பரவால்ல. நீங்க குடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ள இருக்கறதால ஃபீஸ் கெடையாது, வக்கீலும் கட்டாயமில்ல, இ-ஜாக்ரிதி போர்ட்டல்ல ஆன்லைன்லயே போடலாம். ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். ஆனா உண்மைய சொல்லிர்றேன், தீர்ப்பு வர நாளாகும், அதனால அந்தக் காச நம்பி இப்ப எந்த செலவும் பிளான் பண்ணாதீங்க.

டிராவல் இன்சூரன்ஸ் இதுக்கு உதவாது, இடம் பிடிக்கல வசதி பத்தலங்கறதுக்கெல்லாம் பாலிசில எடமில்ல.

டிசிஎஸ் 13,000 பத்தி நீங்க ஒரு வார்த்தை கூட கேக்கல, அது செலவுன்னே நெனச்சுட்டீங்க போல. அது செலவு இல்லங்க, உங்க பேர்ல முன்கூட்டியே கட்டுன வருமான வரி. 26ஏஎஸ்ல (வருமான வரி போர்ட்டல்ல இருக்கற உங்க வரி ஸ்டேட்மென்ட்) உங்க பான் நம்பர்ல ஏறியிருக்கான்னு மொதல்ல பாருங்க, வைஃப் பான் குடுத்திருந்தா அவங்க பேர்லதான் ஏறியிருக்கும், அப்ப அவங்கதான் ரிட்டர்ன் போட்டு வாங்கணும். உங்க பேர்ல இருந்தா ரிட்டர்ன் வரைக்கும் காத்திருக்க வேண்டியதே இல்ல, ஆபீஸ்ல 12பிஏஏ ஃபார்ம் குடுத்தா சம்பளத்துல புடிக்கற டிடிஎஸ்ல கழிச்சுக்குவாங்க, 2024 அக்டோபர்ல இருந்து இந்த வசதி இருக்கு. உங்களுக்கு டிடிஎஸ்ஸே புடிக்கலன்னா ரிட்டர்ன் போட்டு ரீஃபண்டா வாங்கிக்குங்க.

ஆக வில்லா வித்தியாசம் 41,250, ட்ரிப் காசு 13,200, டிசிஎஸ் 13,000, கூட்டுனா 67,450. இதுல கடைசி 13,000 நிச்சயம், நடுவுல உள்ளது நல்ல வாய்ப்பு, முதல் தொகைக்குத்தான் போராடணும்.

இப்ப லோன். 2 லட்சத்துக்கு 14%ல 24 மாசம்னா ஈஎம்ஐ 9,600, வட்டி மட்டும் 30,000க்கு மேல போகுது. 62,000 சம்பளத்துல இது தாங்கும், ஆனா இதுக்கு மேல டாப் அப் எடுத்தா 2027 தாண்டியும் போன வருஷத்து லீவுக்கும் அதுக்கு முந்தின லீவுக்கும் சேத்து கட்டிட்டு இருப்பீங்க. திரும்பி வர்ற ஒவ்வொரு ரூபாயையும் இதுல பார்ட் பேமெண்ட்டா போடுங்க. சில பேங்க்ல முதல் 6 இல்ல 12 ஈஎம்ஐ முடியற வரைக்கும் விட மாட்டாங்க, பெனால்ட்டி எவ்வளவுன்னு சாங்ஷன் லெட்டர்ல இருக்கும், பாத்துட்டுப் போடுங்க. முழுசா 67,000 போட முடிஞ்சா 7 மாசத்துக்கு மேல ஈஎம்ஐ குறையும், அப்படி போடும்போது ஈஎம்ஐ தொகைய குறைக்காதீங்க, மாசத்த குறைக்கச் சொல்லுங்க. டிசிஎஸ் தவிர வேற எதுவும் திரும்பி வரலன்னாலும் இந்த லோன் கட்டக்கூடியதுதான், பயப்பட வேண்டாம்.

உங்க வைஃப் பத்தி எழுதியிருந்தீங்க, அது மனசுல நிக்குது. அவங்க செலக்ட் பண்ணது தப்பே இல்ல, காசு வாங்குனவங்க சொன்னத குடுக்கல, அது யார் தலைல விழணுமோ அங்க விழணும். இன்னும் சொல்லப்போனா அந்த பீச் வில்லா கோட்டேஷன அழிக்காம வெச்சிருந்தது அவங்கதான்னு சொன்னீங்க, உங்க கைல 41,250 ரூபாய்க்கு ஆதாரம் இருக்குன்னா அது அவங்களாலதான், இத அவங்ககிட்ட சொல்லுங்க. அவங்க போட்ட சீட்டுக் காசு 1,20,000ம் இந்த பயணத்துக்குள்ளதான் இருக்கு, லோன் முடிஞ்சதும் அதே 9,600த்த அவங்க பேர்ல ஒரு ஆர்டில மாசாமாசம் போட்டா ஒரு வருஷத்துல 1,15,000 சேந்துரும், வட்டி தனி. கடனில்லாம, அவங்களுக்குப் பிடிச்ச எடத்துக்கு, மழை இல்லாத ஜனவரி பிப்ரவரில ரெண்டு பேரும் போகலாம், அது அந்தமானா இருந்தாலும் சரி, மறுபடி மாலத்தீவே ஆனாலும் சரி.

அப்ப புக் பண்ணும்போது நாலு விஷயத்த வாய்ல கேக்காதீங்க, மெயில்ல கேளுங்க: எந்த வில்லா வகை, மாத்துனா எவ்வளவு திருப்பித் தருவீங்க, அந்த தேதில ரிப்பேர் வேலை ஏதாவது நடக்குதா, ஆல் இன்க்ளூசிவ் லிஸ்ட் முழு தாள். பதில் வந்த பிறகு அட்வான்ஸ் குடுங்க. ரிசார்ட்ல கார்டு தேய்க்கும்போது ரூபாயா டாலரான்னு கேட்டா டாலர்னு சொல்லுங்க, ரூபான்னா அவங்க வெக்கறதுதான் ரேட்டு. சாதா கார்டுல ஃபாரக்ஸ் மார்க்கப் (வெளிநாட்டுப் பணத்துல கட்டுனா பேங்க் சேக்கற கட்டணம்) 3.5%, அதுக்கு ஜிஎஸ்டி வேற, உங்க 620 டாலருக்கே 2,200 ரூபா மேல போயிருக்கும், ஸ்டேட்மென்ட்ல பாருங்க.

இந்த வாரத்துக்கு ரெண்டு வேலைதான், ரிசார்ட்டுக்கு அந்த மெயில், ஏஜென்ட்டுக்கு 15 நாள் நோட்டீஸ். ஏஜென்ட்கிட்ட இருந்து என்ன பதில் வருதுன்னு எழுதுங்க, முழுசா திருப்பித் தர மாட்டேன், 20,000 வாங்கிட்டு முடிச்சுக்கங்கன்னு பேரம் பேசுனா உடனே சரின்னு சொல்லிராம எனக்கு ஒரு மெயில் போடுங்க.