வெர்மாண்ட் பனியில் கோழியும் ஆடும் தாங்குமா?

கேட்டிருந்த கேள்வி இது: "அமெரிக்காவின் வடகிழக்கில் கொஞ்சம் நிலத்தோடு வீடு வாங்கி கோழியும் ஆடும் வளர்க்க ஆசை. அந்தக் குளிரில் அவை பிழைக்குமா? கொட்டகைக்கு ஹீட்டர் வேண்டுமா? டிசம்பரில் ஊருக்கு வந்துபோக முடியுமா?"

பிழைக்கும். ஹீட்டர் வேண்டாம். சிக்கல் உங்கள் மூன்றாவது கேள்வியில்தான் இருக்கிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

நாங்கள் இருப்பது வெர்மாண்ட் மாநிலத்தின் வடகிழக்கு மூலையில். ஜனவரி இரவுகளில் மைனஸ் 25, சில நாள் மைனஸ் 30 செல்சியஸ் வரைக்கும் போகும். கரூர்ப் பக்கம் ஆட்டுப் பட்டியும் பஞ்சாரமும் பார்த்து வளர்ந்தவனுக்கு, இதைக் கேட்டதும் கொட்டகையை இண்டு இடுக்கு இல்லாமல் அடைக்கத்தான் கை போகும். இங்கே செய்யக் கூடாத காரியம் அதுதான். கோழியின் உடல் சூடு 41 டிகிரி. இறகை உப்பிக்கொண்டு உட்கார்ந்தால் குளிர் உள்ளே போகாது. அதை வீழ்த்துவது ஈரம். இரவெல்லாம் அவை விடும் மூச்சும் போடும் எச்சமும் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் கொண்டையிலும் தாடியிலும் படிந்து உறையும். நுனி கறுத்துப்போகும். காலையில் கூட்டின் ஜன்னலுக்கு உட்புறம் பனி பூத்திருந்தால் காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம். கோழி உட்காரும் உயரத்துக்கு மேலே, கூரையை ஒட்டித் திறப்பு வையுங்கள். கீழே காற்று அடிக்கக் கூடாது. உட்காரும் கட்டை தட்டையாக, நாலு அங்குல அகலத்தில் இருந்தால் விரல்களை வயிற்று இறகு மூடிக்கொள்ளும்.

இனமும் முக்கியம். லெகார்ன் மாதிரி பெரிய கொண்டைக்காரர்கள் இந்த ஊருக்குச் சரிப்பட மாட்டார்கள். சாண்டெக்ளேர் என்று ஒரு கோழி உண்டு. கனடாவின் கியூபெக்கில், ஓக்கா மடத்துத் துறவி ஒருவர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் குளிருக்கென்றே உருவாக்கியது. கொண்டை, தாடி இரண்டும் பேருக்குத்தான் இருக்கும், பனி கடிக்க ஒன்றும் இல்லை. வயாண்டாட்டும் நல்லது.

ஹீட்டர் ஏன் வேண்டாம்? சிவப்பு நிற 250 வாட் பல்பு கடையில் மலிவாகக் கிடைக்கும். காய்ந்த மரச்சீவலும் தூசியும் இறகும் பறக்கும் இடத்தில் அது கழன்று விழுந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். கொட்டகை எரிந்த செய்தி இந்தப் பக்கம் குளிர்காலத்துக்குக் குளிர்காலம் வரும். தரையில் மரச்சீவலைக் கனமாகப் போட்டு, மேலே மேலே சேர்த்துக்கொண்டே போனால் அடியில் மக்கும்போது கொஞ்சம் சூடு வரும், அது போதும்.

ஆடு இன்னும் எளிது. செப்டம்பரிலேயே உள்ரோமம் அடர்த்தியாக வர ஆரம்பித்துவிடும். வயிற்றுக்குள் அடுப்பு வைத்திருக்கிற பிராணி அது. காய்ந்த புல் இரைப்பையில் புளித்துச் செரிக்கும் போதே உடம்பு சூடாகும். அதனால் குளிர் கூடும் இரவில் தானியத்தைக் கூட்டுவதைவிடப் புல்லைக் கூட்டுவதே சரி. பெரிய ஆடு ஒன்று நாளைக்கு இரண்டு கிலோ தின்னும். நவம்பரிலிருந்து மே வரை மேய்ச்சல் கிடையாது, ஆக ஓர் ஆட்டுக்கு 20 கிலோக் கட்டு குறைந்தது இருபது வேண்டும். தரையில் சிந்தியதை அந்த மகாராணிகள் தொட மாட்டார்கள், சேதாரத்துக்கும் சேர்த்து வாங்குங்கள், அதுவும் புல் அறுக்கும் ஜூன், ஜூலையிலேயே. பிப்ரவரியில் தேடினால் கிடைக்காது, கிடைத்தாலும் விலை கேட்டு மயக்கம் வரும்.

கிடா சேர்ப்பதை நவம்பர் கடைசிக்குத் தள்ளுங்கள். சினைக்காலம் 150 நாள். அக்டோபரில் சேர்த்தால் மார்ச்சில் ஈனும், அப்போதும் இங்கே பனிதான். ஈரத்தோடு கிடக்கும் குட்டியின் காது உறைந்துபோகும், துண்டால் அழுத்தித் துடைத்துவிட வேண்டும். வாய்க்குள் விரல் விட்டுப் பார்த்து, குளிர்ந்திருந்தால் முதலில் குட்டியைச் சூடாக்கிவிட்டு அப்புறம்தான் சீம்பால். ஸ்வெட்டர் எல்லாம் குட்டிக்கு மட்டும். பெரிய ஆட்டுக்குப் போட்டுப் படம் எடுப்பது நமக்குத்தான் சந்தோஷம், அதன் ரோமம் அமுங்கி இருக்கிற கதகதப்பும் போகும்.

முட்டையை அதிகம் எதிர்பார்க்காதீர்கள். கோழி நன்றாக இட நாளைக்கு 14 மணி நேரமாவது வெளிச்சம் வேண்டும். டிசம்பரில் இங்கே பகல் ஒன்பது மணி நேரம்கூட இல்லை. விளக்குப் போட்டு இட வைக்கலாம், பலர் செய்கிறார்கள். நான் செய்வதில்லை, இறகு உதிர்த்து முளைக்கிற காலத்தில் அதுவும் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும். கொல்லையில் கோழியை வைத்துக்கொண்டு கடையில் முட்டை வாங்கும் வீடு எங்களுடையது. இடுகிற ஒன்றிரண்டையும் உடனே எடுக்காவிட்டால் உறைந்து ஓடு வெடித்துவிடும்.

இனி ஊர்ப் பயணம். தண்ணீர்தான் உங்களைக் கட்டிப்போடும். கருப்பு ரப்பர் தொட்டியில் ஊற்றினால் உறைந்த பிறகு கவிழ்த்துப் போட்டு மிதித்தால் பனிக்கட்டி கழன்று வரும். பிளாஸ்டிக் என்றால் பிளந்துவிடும். சூடேற்றும் வாளியும் இருக்கிறது, ஆனால் பனிப்புயலில் கரண்ட் போனால் அதுவும் வெறும் வாளி. ஆடு சில்லென்ற தண்ணீரைக் குறைவாகத்தான் குடிக்கும். குறைந்தால் காயடித்த கிடாவுக்குச் சிறுநீர்ப் பாதையில் கல் அடைத்து உயிருக்கே ஆபத்து. எனவே காலையும் மாலையும் யாராவது வெந்நீர் தூக்க வேண்டும். மூன்று வாரம் அதைச் செய்ய ஆள் கிடைப்பது கஷ்டம். பக்கத்துப் பண்ணைக்காரர் ஓரிரு நாள் பார்ப்பார், பதிலுக்கு அவர் மாடுகளை நான் பார்ப்பேன், அவ்வளவுதான். நாங்கள் ஊருக்குப் போவது ஜூலையில். குடமும் குழாயும் போதும், எதிர்வீட்டுப் பள்ளிக்கூடப் பையன்கூடப் பார்த்துக்கொள்வான். பொங்கலுக்கு வீடியோ காலில்தான் பானையைப் பார்க்கிறோம். டிசம்பர் பயணத்தை விட மனசு வராது என்றால் கோழியை மட்டும் வாங்குங்கள், ஆடு இப்போதைக்கு வேண்டாம்.